பொறுத்துக்கொள் என்னும் மருந்து

போன மாதம் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். பெயர் போடவில்லை. என் நாவல் ஒன்றைப் படித்து முடித்த சூட்டில் எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. முதல் இரண்டு வரி புகழ்ச்சி. எழுதுகிறவர்களுக்கு அது பழகிப்போன பாயசம். குடித்துவிட்டு மேலே படித்தேன். மூன்றாவது வரியில் மிளகாய் இருந்தது.

"உங்கள் கதாநாயகி முந்நூற்றுச் சொச்சம் பக்கம் வருகிறாள். கதை மூன்று வருஷம் நடக்கிறது. அந்த மூன்று வருஷத்தில் அவளுக்கு ஒரு நாள்கூட அடிவயிறு வலிக்கவில்லையா அம்மா? கொடுத்து வைத்தவள்!"

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு யோசித்தேன். வாஸ்தவம்தான். என் கதாநாயகிகள் அழுதிருக்கிறார்கள், காதலித்திருக்கிறார்கள், ரயில் ஏறிச் சென்னைக்கு ஓடியிருக்கிறார்கள், ஒருத்தி காசநோயில் செத்தே போனாள். ஆனால் இருபது வருஷமாகக் கதை எழுதும் நான், பெண்ணாய்ப் பிறந்த நான், அவர்களில் ஒருத்தியையாவது மாதத்தில் இரண்டு நாள் பாயில் சுருண்டு படுக்கவிட்டதில்லை. கதையில் வரும் பெண்ணுக்கு முப்பது நாளும் நல்ல நாள். ஏன் இப்படி எழுதினேன்? அதைச் சொல்வது அசிங்கம் என்று எனக்கு யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். நானும் கேள்வி கேட்காமல் கற்றுக்கொண்டேன். அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக இந்தக் கட்டுரை. முகம் சுளிக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் புரட்டுவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் சங்கரன்கோவிலில், நான் இருக்கும் தெருவில் ஒரு பெண். வயது இருபது. விடியற்காலையில் மில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். இவள் தலையைக்கூடச் சரியாகப் பின்னாமல் ஓடி ஏறுவாள். இரவு திரும்பும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னளா, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. மாசாமாசம் உள்ளதுதான்."

"வீட்டில போய்ப் படுக்க வேண்டியதுதானே?"

"படுத்தா அம்மா ஏசுவா. நாங்கள்லாம் புள்ள பெறலையா, வயக்காட்டுக்குப் போகலையான்னு கேப்பா. மில்லுல பரவாயில்ல. ஏச மாட்டாவ. மாத்திரை குடுத்துருவாவ."

பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துக் காட்டினாள். உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை. அட்டையும் இல்லை, உறையும் இல்லை. பெயர் என்ன, யார் செய்தது, எந்த மாதம் வரைக்கும் செல்லும் - எதுவும் இல்லை.

"இது என்ன மாத்திரைன்னு கேட்டியா?"

"எதுக்கு அத்தை கேக்கணும்? முழுங்கிட்டுப் பத்து நிமிஷத்துல மிஷினுக்கு வந்துரணும். அம்புட்டுதான்."

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தாய் 'பொறுத்துக்கொள்' என்கிறாள். ஆலை 'விழுங்கிக்கொள்' என்கிறது. கேட்பதற்கு ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கிறது. ஒன்று பழைய காலம், மற்றொன்று புதிய காலம் என்று தோன்றுகிறது. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். இரண்டு பேருமே அந்தப் பெண்ணுக்கு ஒரு பொருளைக் கொடுக்க மறுக்கிறார்கள். அது பணம் அல்ல, மருந்து அல்ல. அரை மணி நேரம். காலை நீட்டிப் படுத்து, வயிற்றில் சூடு வைத்துக்கொள்ள அரை மணி நேரம்.

இது எங்கள் தெருவோடு போகிற விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். 2019ஆம் வருஷம் தாம்ஸன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற செய்தி நிறுவனம் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களைச் சந்தித்துப் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. மாதவிலக்கு வலிக்காக வேலையிடத்தில் பெயரில்லாத மாத்திரைகள் தரப்பட்டன என்று அவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதனால் உடம்பு கெட்டது என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். தைத்த சட்டையின் கழுத்தில் துணியின் பெயர், அளவு, எப்படித் துவைக்க வேண்டும் என்பது வரைக்கும் சீட்டு இருக்கிறது. தைத்தவள் வயிற்றுக்குள் போன மாத்திரைக்கு மட்டும் சீட்டு இல்லை!

அதே வருஷம் மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவைப் பற்றிய செய்தியும் வந்தது. அங்கே கரும்பு வெட்டப் போகிற பெண்கள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் கட்ட வேண்டும். அரசாங்கம் அமைத்த குழு 82,309 பெண்களிடம் விசாரித்தது. அவர்களில் 13,861 பேர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள். எல்லாமே வலிக்காகச் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் படுப்பதற்குக் கொடுக்க மனம் வராத இடத்தில் ஒரு பெண் எது வரைக்கும் தள்ளப்படுவாள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சரி, அந்த வலிதான் என்ன? 'பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான்' என்பது பதில் அல்ல. கர்ப்பப்பை என்பது ஒரு தசை. மாதந்தோறும் அதன் உட்பூச்சு கழன்று விழும் நேரத்தில் அங்கே ஒரு ரசாயனம் சுரக்கிறது. அது தசையை இறுக்கிப் பிழிகிறது. பிழியும்போது தசைக்குள் ஓடும் இரத்தக் குழாய்களும் நெரிபடுகின்றன. இரத்தம் போகாத தசை வலிக்கும். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஆண்பிள்ளைகள் வீட்டையே எழுப்புகிறார்களே, ஏறக்குறைய அதே ஜாதி வலிதான். அந்த ரசாயனம் மிகுந்தால் குமட்டலும் பேதியும் தலைவலியும்கூட வரும். ஆகவே, 'வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்' என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அந்த ரசாயனத்தின் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ப்ராஸ்டாகிளாண்டின் என்று பெயர். 1930களில் வான் ஆய்லர் என்ற ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி, அது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார். தசையை இறுக்குகிற இத்தகைய பொருள் மாதவிலக்கு இரத்தத்திலும் இருக்கிறது என்று இங்கிலாந்தில் பிக்கிள்ஸ் என்பவர் 1957ல்தான் எழுதினார். இந்த ரசாயனங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 1982ல் நோபல் பரிசும் கிடைத்தது. பெண்ணின் வலிக்குக் காரணமான பொருள்கூட ஆண் உறுப்பின் பெயரை வாங்கிக்கொண்டுதான் உலகத்துக்குள் வர வேண்டியிருந்தது!

இனி வைத்தியத்துக்கு வருவோம். மருந்தில்லாமல் இந்த வலியைத் தணிக்க முடியுமா? பெரும்பாலானவர்களுக்கு முடியும். இதைச் சொல்வதற்கு ரிஷி முனிவர்கள் தேவையில்லை. எங்கள் ஆச்சிக்கே தெரியும். தவிட்டையும் கல்லுப்பையும் வறுத்துத் துணியில் முடிந்து அடிவயிற்றில் ஒத்தடம் கொடுப்பாள். செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி இடுப்புக்குக் கீழே வைப்பாள். சுக்கைத் தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்க வைத்துத் தருவாள். இதையெல்லாம் 'பாட்டி வைத்தியம்' என்று சிரித்த படித்தவர்களில் நானும் ஒருத்தி.

சிரித்தது தப்பு. 2001ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் ஒரு பரிசோதனை வெளியாயிற்று. சில பெண்களுக்கு இபுப்ரோபன் மாத்திரை. சிலருக்கு அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ள இளஞ்சூடு தரும் பட்டை, நாளைக்கு 12 மணி நேரம், இரண்டு நாள். சூடும் மாத்திரையும் ஏறக்குறைய சமமாக வேலை செய்தன. சூடு தசையை நெகிழ்த்துகிறது. இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஆச்சியின் தவிட்டு மூட்டை ஜெயித்துவிட்டது! ஆனால் கொதிக்கக் கொதிக்க வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அதன்மேலேயே தூங்கிப் போகக் கூடாது. தோல் வெந்துவிடும்.

இரண்டாவது, உடம்பை அசைப்பது. நடை, யோகாசனம், கை கால் நீட்டல், எதுவாகவும் இருக்கலாம். 2019ல் காக்ரேன் என்ற ஆராய்ச்சி அமைப்பு 12 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. வாரத்தில் மூன்று நாளாவது, ஒவ்வொரு தடவையும் 45 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை தேகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு வலி கணிசமாகக் குறையக்கூடும் என்று கண்டது. சாட்சியம் இன்னும் உறுதிப்பட வேண்டும் என்றும் அதே அமைப்பு நேர்மையாகச் சொல்லிற்று. 'நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறோமே, அது பயிற்சி இல்லையா?' என்று கேட்பீர்கள். குனிந்து நிமிர்ந்து அலுத்துப்போவது வேறு, தனக்கென்று கையை வீசிக்கொண்டு நடப்பது வேறு.

மூன்றாவது, இஞ்சியும் சுக்கும். முதல் மூன்று நாலு நாள் இஞ்சிப் பொடி சாப்பிட்டவர்களுக்கு வலி குறைந்ததாகச் சில சிறிய ஆராய்ச்சிகள் சொல்கின்றன. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் உடம்புக்கு நல்லது. ஆனால் வலியை நிறுத்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நாலாவது, வெந்நீர்க் குளியலும் நல்ல தூக்கமும். 'அந்த நாளில் தலைக்கு ஊற்றினால் ஜன்னி வரும்' என்பதெல்லாம் வெறும் பயம்.

இவ்வளவும் சுலபம், காசு அதிகம் ஆகாது. பின் ஏன் நடக்கவில்லை? இங்கேதான் என் வழக்கு ஆரம்பமாகிறது. மருந்தில்லாத வைத்தியம் என்று ஊர் முழுக்கப் புகழ்கிறார்கள். அதன் விலையைச் சொல்வதில்லை. வெந்நீர் வைக்க அடுப்பு காலியாக வேண்டும். ஒத்தடம் கொடுக்க இன்னொருத்தியின் கை வேண்டும். படுக்க ஓர் இடம், சாத்திக்கொள்ள ஒரு கதவு, அந்த நேரத்தில் சோறு வடிக்க வேறு ஓர் ஆள் வேண்டும். தறிக்கூடத்திலோ, தீப்பெட்டி ஆபீஸிலோ, துணிக்கடையிலோ இவற்றில் எது இருக்கிறது? மாத்திரை மலிவு, ஒரு வாய்த் தண்ணீரில் போய்விடும். 'பொறுத்துக்கொள்' அதைவிட மலிவு, தண்ணீர்கூட வேண்டாம். அதனால்தான் நாம் இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மருந்து வேண்டாம் என்று உபதேசம் செய்துவிட்டு அரை மணி நேரத்தையும் கொடுக்காதவர், நோயாளிக்குப் பத்தியம் சொல்லிவிட்டுக் கஞ்சியையும் பிடுங்கிக்கொள்கிறவர்.

ஒரு சாரார் இதற்கு உடனே பதில் வைத்திருக்கிறார்கள். "அந்தக் காலத்தில் பெண்களை மூன்று நாள் ஒதுக்கி வைத்தார்களே, அது ஓய்வுக்காகத்தான். முன்னோர்கள் சும்மாவா செய்தார்கள்?" இதைச் சொல்கிறவர்கள் அந்த மூன்று நாளைத் தாமே ஒரு தடவை இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். நான் இருந்திருக்கிறேன். ஆச்சி வீட்டுப் பின்கட்டில், மாட்டுத் தொழுவை ஒட்டிய தாழ்வாரத்தில், ஓலைப் பாயில், மார்கழிக் குளிரில். ஒத்தடம் கொடுக்கும் அதே ஆச்சி, அந்த மூன்று நாளும் என்னைத் தொடாமல் மூட்டையைத் தூரத்திலிருந்து தூக்கிப் போடுவாள். தட்டு தனி, செம்பு தனி. தண்ணீர் கேட்டால் யாராவது வருகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். அசுத்தம் என்று சொல்லிப் படுக்க வைப்பதற்குப் பெயர் ஓய்வு அல்ல; காவல். காய்ச்சல்காரனையும் படுக்க வைக்கிறோம். கைதியையும் படுக்க வைக்கிறோம். இரண்டும் ஒன்றா? ஓய்வை வைத்துக்கொள்வோம், தீட்டைத் தள்ளிவிடுவோம். இரண்டையும் சேர்த்தேதான் விற்பேன் என்கிற கடைக்காரன் நமக்கு வேண்டாம்.

முதலாளிமார் இன்னொரு பதில் சொல்கிறார்கள். "சலுகை கொடுக்க ஆரம்பித்தால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள்." பயமுறுத்தல்தான், ஆனாலும் யோசிக்க வேண்டிய பயமுறுத்தல். ஜப்பான் 1947லேயே இந்த நாளுக்கு லீவு கேட்கும் உரிமையைச் சட்டத்தில் எழுதிற்று. பீகார் அரசாங்கம் 1992ல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தது. ஸ்பெயின் 2023ல் சட்டம் செய்தது. அங்கெல்லாம் வானம் இடிந்து விழவில்லை. ஆனால் நான் கேட்பது அதுகூட இல்லை. ஒரு பாய், ஒரு பிளாஸ்க் வெந்நீர், தாழ்ப்பாள் உள்ள ஒரு கக்கூஸ், கூலி பிடிக்காத அரை மணி நேரம். 150 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஓய்வறை வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லிற்று. எத்தனை இடத்தில் அந்த அறையில் அட்டைப் பெட்டிகள் ஓய்வெடுத்தன என்பதை வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். கடையில் நிற்கிற பெண் உட்காருவதற்கு ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஸ்டூலுக்கே சட்டம் வேண்டியிருந்த தேசத்தில் பாய்க்கு எவ்வளவு காலம் ஆகுமோ!

மருந்தே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது' என்று பயமுறுத்தும் பெரியம்மாக்களின் கட்சி அல்ல நான். டாக்டர் பார்த்து, அளவு சொல்லி, பெயர் எழுதிய அட்டையிலிருந்து கொடுக்கிற மாத்திரை வேறு. சூப்பர்வைசர் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற மாத்திரை வேறு. அதோடு, எந்த ஒத்தடத்துக்கும் அடங்காத வலியும் உண்டு. வருஷத்துக்கு வருஷம் கூடுகிற வலி, விலக்கில்லாத நாளிலும் வருகிற வலி, முப்பது வயதுக்கு மேல் புதிதாக வருகிற வலி, துணி துணியாக நனைக்கிற போக்கு, மயக்கம் - இவை வந்தால் சுக்கு வெந்நீரோடு நிற்பது மடமை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டியாக இருக்கலாம், எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயாக இருக்கலாம். உலகத்தில் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு, அதாவது பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களில் பத்தில் ஒருத்திக்கு, அந்த நோய் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பலர் பல வருஷம் கழித்துத்தான் பெயரையே தெரிந்துகொள்கிறார்கள். காரணம், முதல் வைத்தியராக வந்த தாயோ மாமியாரோ 'பொறுத்துக்கொள்' என்று எழுதிக் கொடுத்த சீட்டுதான்.

எங்கள் ஊர்க் கோமதியம்மன் தவம் இருந்தவள். அரியும் அரனும் ஒன்றே என்று கண்ணால் காண வேண்டுமென்று தவம் செய்தாள். ஆடித் தபசு அன்று ஊரே திரண்டு அந்தத் தவத்தைக் கும்பிடுகிறது. புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிறது. நானும் இட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அம்மன் தவத்துக்குத் தானாகப் போனாள். கேட்டதைப் பெற்றாள், காட்சி கொடுக்கச் சங்கரநாராயணரே வந்தார். நம் வீட்டுப் பெண் மாதாமாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாளே, அது அவள் கேட்டு வாங்கிய தவமா? அதன் முடிவில் யார் வந்து அவளுக்குக் காட்சி கொடுக்கிறார்கள்? 'சோறு ஆச்சா?' என்று கேட்டுக்கொண்டு புருஷன்தான் வருகிறான். தெய்வத்தின் தவத்தைக் காட்டி மனுஷியின் வலியை மறைப்பது பக்தி அல்ல.

அடுத்த வாரம் அந்தப் பெண் மறுபடி வந்தபோது அவள் தாயையும் கூட்டி வரச் சொன்னேன். தாய் வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். "மைனி, அவளுக்குச் செல்லம் குடுத்துக் கெடுக்காதிய. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போற புள்ள" என்றாள். "உனக்கு வலிச்சதே இல்லையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெள்ளச் சொன்னாள்: "எனக்கு வலிக்கும்போது கேக்க ஆளு இல்ல மைனி."

இதைத்தான் நான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துச் சொன்னேன். கேட்க ஆள் இல்லாமல் வளர்ந்த தாய், தன் மகளையும் கேட்க ஆள் இல்லாமல் வளர்க்கிறாள். இந்தச் சீதனம் அவளோடு நிற்கட்டும். வீட்டுக்கு வீடு ஒரு வெந்நீர்ப் பை வாங்குங்கள். எங்கே இருக்கிறது என்று ஆண்பிள்ளைகளுக்கும் தெரியும்படி வையுங்கள். நிரப்பிக் கொண்டுவர அவர்களையும் பழக்குங்கள். மகள் படுத்திருந்தால் 'என்ன நடிப்பு' என்று கேட்காமல், 'சூடு போதுமா' என்று கேளுங்கள். கையில் காகிதத்தில் மடித்த மாத்திரை இருந்தால், யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

கடிதம் எழுதிய வாசகிக்கு என் பதில் இது. நீ கேட்டது நியாயம் அம்மா. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலில், நாலாவது அத்தியாயத்தில், கதாநாயகி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் அவளுக்கு வயிறு வலிக்கிறது. வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். பஸ் போய்விடும். போகட்டும். அடுத்த பஸ் வரும்வரைக்கும் கதை காத்திருக்கும்.